ஷிப்டுப் பல்

டெரிக் இரண்டாவது முறையாக நல்லி எலும்பு கேட்டு வாங்கியதும், அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த அருள்பிரகாசம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் முதல் பந்தி முடியும் முன்பே ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால் ஓர் ஆள் நிற்பது வழக்கம்தான். மற்றவர்கள் இடத்துக்கு நின்றார்கள். அருள்பிரகாசம் பல்லுக்கு நின்றார்.

டெரிக் வாயில் வேலை செய்துகொண்டிருந்த பல் செட்டு, அவர்கள் இரண்டு பேருக்கும் பொது.

துறைமுகத்தில் இருவரும் ஒரே கிரேனை ஷிப்டு மாற்றி ஓட்டியவர்கள். ஒருவர் இறங்கினால் மற்றவர் அதே சீட்டில் ஏறுவார், சூடு ஆறியிருக்காது. டெரிக் அப்போதும் நேரத்துக்கு இறங்கியதில்லை.

ஒருவர் செட்டு இன்னொருவர் வாயில் பொருந்தவே பொருந்தாது, பூட்டும் சாவியும் மாதிரி என்பார் தண்டையார்பேட்டை பல் டாக்டர் மகிழினி. படித்தவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒரே டப்பாவிலிருந்து புகையிலை போட்டு, ஒரே ஃபோர்மேனைத் திட்டிய ஈறுகள் ஒரே அளவில்தான் தேயும் என்பது டெரிக்கின் கட்சி. பசை கொஞ்சம் கூடுதலாகத் தடவினால் டெரிக்கின் செட்டு அருள்பிரகாசத்துக்கும் நின்றது. அன்றுமுதல் யார் வீட்டில் கறி எடுக்கிறார்களோ அந்த வீட்டுக்குப் பல் போய்விடும்.

அருள்பிரகாசம் சொந்தமாகக் கட்டிக்கொள்ளப் பார்க்காமல் இல்லை. எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் பல் வைக்கலாம் என்றார் டாக்டர். ராயபுரம் உப்புக் காற்றில் திருகு துருப்பிடிக்காதா என்று இவர் கேட்டார். இது துருவே பிடிக்காத உலோகம் என்றார் டாக்டர். கிரேன் வந்து இறங்கியபோதும் இதையேதான் சொன்னார்கள் என்று இவர் எழுந்துவிட்டார்.

பாலம் கட்டலாமா என்றதற்கு, பாலம் நிற்க இரண்டு பக்கமும் பல் வேண்டும், உங்களுக்குக் கரையே இல்லையே என்றார் டாக்டர். முழு செட்டுதான் வழி. அதற்கும் பல் பிடுங்கிய இடம் ஆறி ஈறு வற்ற வேண்டும், பிறகுதான் அளவெடுப்பேன், அவசரப்பட்டுக் கட்டினால் பின்னால் லொடலொட என்று ஆடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஈறு வற்றுவதற்குள் இந்தக் கல்யாணம் வந்துவிட்டது.

ஒப்பந்தம் தெளிவாகப் பேசியிருந்தார்கள். காலையில் மாதா கோயிலில் பல் அருள்பிரகாசத்துக்கு. அங்கே அவர் வாய் திறந்து சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது. மதியம் முதல் பந்தியில் டெரிக்குக்கு. பந்தி முடிந்ததும், போட்டோவுக்கு முன்னால், மறுபடி கைமாறும்.

போட்டோவில் சிரிக்காவிட்டால்கூடப் பரவாயில்லை. அந்த மண்டபத்தில் ஒருவர் மட்டும் அவரைப் பல் இல்லாமல் பார்க்கவே கூடாது. பல்லெல்லாம் சொந்தப் பல்தானா என்று அந்த ஒருவர் முதல் சந்திப்பிலேயே கேட்டிருந்தார். ஆமாம் என்று அருள்பிரகாசம் டெரிக்கின் பல்லால் சொல்லியிருந்தார்.

ஆகவே இப்போது கோட்டுக்குள் வேர்த்துக் கொட்ட, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அழுகிறார் என்று நினைத்துப் போகிறவர் வருகிறவர் எல்லாம் முதுகைத் தடவினார்கள். ஓர் அம்மாள் துணைக்குத் தானும் கொஞ்சம் அழுதுவிட்டுப் போனாள்.

யார் வீட்டுக் கல்யாணம் என்றே தெரியாமல் சாப்பிட வந்திருந்த ஒருவர், இந்த சீட்டு எனக்கு என்று கண்ணாலேயே மிரட்டினார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று அருள்பிரகாசம் கையைக் காட்டினார். பந்தியில் இப்படி ஒரு மனிதரை வந்தவர் கண்டதில்லை. பயந்து இரண்டடி தள்ளி நின்றார்.

கேமராக்காரர் ஆள் அனுப்பினார். டெரிக் நல்லியை இலையில் தட்டி உறிஞ்சினார். மறுபடி ஆள் வந்தது. டெரிக் பிரெட் அல்வாவுக்குக் கை நீட்டினார்.

அருள்பிரகாசம் அவர் காதருகே குனிந்தார்.

"யோவ் மாமு, அல்வாவுக்கு இன்னாத்துக்குப் பல்லு? கயட்டிக் குடு."

டெரிக் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. தண்ணீர் குடிப்பதுபோல டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். டம்ளர் நாற்காலிக்குப் பின்பக்கமாக வந்து சேர்ந்தது. அவர் ஈறால் அல்வாவைக் கவனிக்க ஆரம்பித்தார்.

கை கழுவும் இடத்தில் பல்லைக் கழுவி, பசை தடவி மாட்டிய உடனே, கறி பதமாக வெந்திருக்கிறது, ஏலக்காய்தான் ஒரு பிடி அதிகம் என்பது அருள்பிரகாசத்துக்குத் தெரிந்துவிட்டது.

மேடையில் இரண்டு நாற்காலிகள். காலியாக இருந்த ஒன்றின்மேல் ரோஜா மாலை ஒன்று கிடந்தது. அருள்பிரகாசம் அதை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காலையில் கோயிலில் தாலி கட்டிய மனைவியின் பக்கம் திரும்பி, முழு வரிசையும் தெரியச் சிரித்தார்.

இருதயம்மாள் சிரிக்கவில்லை. லேஸ் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார். இந்த வயதில் ஒரு துணை அமைந்ததே என்று அழுகிறார் பாவம் என மேடையோரம் நின்றவர்கள் உருகிக்கொண்டிருந்தார்கள்.

கேமராக்காரர் கையைத் தூக்கினார்.

இருதயம்மாள் இவர் பக்கம் மெல்லச் சாய்ந்தார். கைக்குட்டை மட்டும் விலகவில்லை.

"போட்டோவ கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. எங்க அக்கா இன்னும் பந்திலயே குந்திகினு கீது."