கை காட்டினால் நிற்கும்

வேல்ஸின் இந்தக் கடலோரச் சாலையில் பஸ் நிறுத்தம் என்று தனியாக எதுவும் கிடையாது. கை காட்டினால் நிற்கும். பாறை முனையிலிருந்து நடந்து களைத்த நாங்கள் ஐந்து பேர் சேறு அப்பிய காலணிகளோடு பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கிறோம். ஜன்னல்கள் எங்கள் மூச்சில் மங்கியிருக்கின்றன. வளைவில், தன் வெள்ளை வீட்டின் முன் நின்று, கிழவர் இட்வால் கையைத் தூக்குகிறார். போன கோடை வரை மனைவியோடு இதே பஸ்ஸில் ஏறி, கடலோரப் பாதையில் நடக்கப் போனவர். ஓட்டுநர் டெலித் பிரேக்கை அழுத்துகிறாள். கதவு புஸ்ஸென்று திறக்க, உப்புக் காற்று உள்ளே வருகிறது.

“ஏறுங்க.”

“இல்லம்மா, சும்மாதான் கையாட்டுனேன்.”

“கையத் தூக்குனா நான் நிறுத்தியாகணும். சும்மான்னா தொப்பியத் தூக்கிக் காட்டுங்க.”

பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். அவரும் சிரிக்கிறார், ஆனால் கதவை விட்டு நகரவில்லை. டெலித்தும் கதவை மூடவில்லை. எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கிறது.

“அடுத்த வளைவு வரைக்கும் வர்றேன்,” என்கிறார்.

“திரும்பி வர?”

“பாதை இருக்கே.”

டெலித் அவர் கால்களைப் பார்க்கிறாள். வீட்டுக்குள் போடும் கம்பளிச் செருப்பு.

“இதப் போட்டுக்கிட்டா?”

“பாதைக்கு என்னைத் தெரியும்மா.”

ஏறி, இருவர் உட்காரும் இருக்கையில் ஓரமாக உட்கார்கிறார். இரண்டு நிமிடப் பயணம். இறங்கும்போது டெலித்துக்கு நன்றி சொல்கிறார். பஸ் நகர்ந்ததும் பின்கண்ணாடியைத் துடைத்துப் பார்க்கிறேன். சாய்ந்த வெயிலில், காற்றில் பறக்கும் நரைமுடிக்கு மேலே இரண்டு விரல்களைக் குவித்து, இல்லாத தொப்பியைத் தூக்கிக் காட்டுகிறார். பஸ் நிற்கவில்லை.