அரிச்சல்முனை வரை

கயிறு இழுத்தது. திரும்பு என்று அர்த்தம்.

அவள் திரும்பவில்லை.

"முனை வந்துருச்சுக்கா. போதும், திரும்பு" என்றான் ரீகன்.

அவள் மணிக்கட்டிலிருந்து தம்பியின் மணிக்கட்டுக்கு ஒரு முழக் கயிறு. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவளுடைய ஓட்டத்துக்கு அவன்தான் கண் என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள்.

அரிச்சல்முனையில் போய் முடியும் தனுஷ்கோடிச் சாலை. சுற்றுலா வேன்கள் வரத் தொடங்காத காலை.

இடது காதில் பெண் கடல். அலை வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. வலது காதில் ஆண் கடல். ஓயாமல் அறைந்துகொண்டிருக்கும். ஊர் வைத்த பெயர்கள். எந்தப் பெண்ணைப் பார்த்து வைத்தார்களோ என்று அவள் நினைத்துக்கொள்வதுண்டு.

முன்னால் எந்த இரைச்சலும் இல்லை.

இன்றுதான் அது இடித்தது.

நிலம் முடியும் இடத்தில் கடல் முன்னாலும் கேட்க வேண்டும். பள்ளியில் படிக்கும்போது சுற்றுலா வந்து அங்கே நின்றிருக்கிறாள். மூன்று பக்கமும் இரைச்சல். டீச்சர் கத்தியதுகூடக் காதில் விழவில்லை. அந்த இடத்தை ஒரு முறை கேட்டவர்களுக்கு மறக்காது.

இங்கே முன்னால் இருப்பது வெறும் காற்று. கொஞ்சம் விறகுப் புகை. காயும் மீனின் வாடை.

"யாரு, ரீகனா?"

சங்கு, சிப்பி விற்கும் சகாயராணியின் குரல். கடைத் தட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது.

"என்னடா, அக்காவ ஆட்டுக்குட்டி மாதிரிக் கட்டி இழுத்துட்டு வர? இன்னிக்கும் இத்தோடதானா? ஒரு நாளாச்சும் முனைய எட்டிப் பாத்துட்டு வரலாம்ல?"

ரீகன் கயிற்றை மறுபடி இழுத்தான்.

இன்னிக்கும்.

அப்படியென்றால் போன வாரம். அதற்கு முந்தின வாரம். முனை வரை போய் வந்தேன் என்று காலை நீட்டி உட்கார்ந்து அம்மாவிடம் அவள் சொன்ன ஒவ்வொரு முறையும்.

மதுரையில் அரை மாரத்தான். இருபத்தொரு கிலோமீட்டர். நாள் நெருங்கிவிட்டது. இதுதான் கடைசி நீண்ட ஓட்டம். இனி தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து கால்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். இன்றும் பாதியில் திரும்பினால், முழுத் தூரத்தின் பக்கத்தில்கூடப் போகாத கால்களோடு மதுரையில் போய் நிற்பாள்.

அங்கே நடுவழியில் உட்கார்ந்துவிட்டால் யாரும் திட்ட மாட்டார்கள். பாவம் என்பார்கள். இவ்வளவு ஓடினதே பெரிசு என்பார்கள்.

அதைக் கேட்பதற்காக அவள் ஓடவில்லை.

"ஒனக்கு மூச்சு வாங்குதுக்கா. அதான்..."

அவள் கவனித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. நெஞ்சில் சளி உருள, வாயால் இழுத்து, வாயால் விட்டு.

அவளுடைய மூச்சு அல்ல.

இத்தனை வாரமும் அவன் சொல்லித்தான், தான் களைத்துவிட்டதாக நினைத்திருக்கிறாள்.

சுருக்கைத் தளர்த்தினாள். கயிறு மணிக்கட்டிலிருந்து நழுவியது.

"ஏய், என்னக்கா பண்ற?"

இடது காதில் மெல்லியது. வலது காதில் பெரியது. இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கும்வரை அவள் சாலையில் இருக்கிறாள். விலகினால் காலுக்கடியில் மணல் சொல்லிவிடும்.

ஓடினாள்.

முதல் சில அடிகளுக்குக் கைகள் தாமாக முன்னே நீண்டன. அவற்றை மடக்கி விலாவோடு சேர்த்துக்கொண்டாள்.

"அக்கா, வேன் வருது! நில்லு!"

காதைத் தீட்டினாள். எஞ்சின் இல்லை. ஹாரன் இல்லை. இரண்டு கடல்கள் மட்டும்.

நிற்கவில்லை.

ஒரு முறை வலது கால் மணலில் புதைந்தது. இடப்பக்கம் ஒதுங்கினாள். தார் கிடைத்தது. பயம் இருந்தது. அதுவும் கூடவே ஓடி வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெகுநேரம் கழித்து முன்னால் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. போகப் போக அது பெருத்தது. உதட்டில் உப்புத் தூறியது. ஓட்டத்தை நடையாக்கி, இப்போது தானே கையை நீட்டினாள்.

ஈரமான சுவர்.

அதற்கு அப்பால் இந்தியா கிடையாது.

உள்ளங்கையை அதில் ஒரு மூச்சு நேரம் வைத்திருந்தாள். பிறகு முதுகைக் காட்டித் திரும்பினாள். பெரிய இரைச்சல் இடது காதுக்கு மாறியது. மறுபடி ஓட்டம்.

பாதி வழியில் அவன் எதிரே வந்திருந்தான். குனிந்து நின்றிருக்க வேண்டும். மூச்சு கீழேயிருந்து வந்தது.

"ஒனக்கு எதாச்சும் ஆயிருந்தா அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"மதுரைக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன்டா. நீ பஸ்ஸுல வா."

கடந்து போனாள்.



பின்னால் ஒரு காலடி. இன்னொன்று.

நடக்கிறானா, ஓடி வருகிறானா என்று தெரிய வேண்டுமானால் அவள் நின்று கேட்க வேண்டும்.