சிவப்புக் கோட்டு

மனைவியின் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, தகரத்தைத் தட்டியபடி கூண்டுக்குள் கவுதாரிக் குஞ்சுகளை விரட்டினான் ஸ்தாமென். மிரண்டவை வலையில் முட்டி விழுந்தன.

"பைத்தியமா மாப்ள உனக்கு?" வேலிக்கு வெளியே நின்று கத்தினான் மனைவியின் அண்ணன் ராத்கோ. "என் தங்கச்சி கையில தீனி தின்னு வளர்ந்ததுங்கடா! அவ பார்த்தா உன் மூஞ்சியில துப்புவா."

"துப்பட்டும்."

"அவ கோட்டையாவது கழட்டித் தொலை."

"இந்தக் கோட்டைக் கண்டாதான் மச்சான் ஓடிவருதுங்க. நாளைக்குத் துப்பாக்கியோட வர்றவன்கிட்டயும் இப்படித்தான் ஓடும். மனுஷனைக் கண்டா பயப்படக் கத்துக்குடுத்துட்டு, அப்புறமா காட்டுல விடுன்னு சொன்னா. அவளால மிரட்ட முடியலையாம்."

"எப்ப சொன்னா?"

"ஆஸ்பத்திரியில. கடைசியா பேசினது அதுதான்."

ராத்கோ கேட்டைப் பார்த்தான். அதில் ஒட்டியிருந்த நாற்பதாம் நாள் நினைவுத்தாளில் தங்கை நெவேனாவின் படம் மழையில் ஊறிப்போயிருந்தது.

மறுநாள் மலைச்சரிவில் குஞ்சுகளை அடைத்துக் கொண்டுவந்த பெட்டியைத் திறந்தார்கள். சிவப்புக் கோட்டோடு நின்று, நெவேனாவைப் போலவே நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டான் ஸ்தாமென். குஞ்சுகள் அலறிக்கொண்டு முட்புதருக்குள் பறந்து மறைந்தன.

ஒன்று மட்டும் ஓடிவந்து கோட்டின் நுனியைக் கொத்தியது.

"இதையாவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாம் மாப்ள," என்றான் ராத்கோ.

ஸ்தாமென் தகரத்தைக் கையில் எடுத்தான்.