குழாய் வாயில் ஒரு துணி

பகல் ஒன்றேகால் மணிக்கு நிலக்கரிச் சுரங்கக் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடி தோசைக்கல்லாகக் காய்கிறது. ஏழு நாள் மூட்டத்துக்குப் பிறகு இன்றுதான் வானம் கழுவிக் கவிழ்த்த தட்டுபோல இருக்கிறது. ஒன்றரைக்கு ஒரு செயற்கைக்கோள் தலைக்கு மேல் போகும். அது மேலிருந்து பார்க்கிற ஓசோனில் நம் மூக்கருகே எவ்வளவு இருக்கிறது என்று அறிய, அதே நேரத்தில் மாடியிலுள்ள இந்தக் கருவியும் அளந்தாக வேண்டும். கருவியை நாளைக்குத் திருப்பித் தர வேண்டும். ஆராய்ச்சி மாணவி எழில்மதிக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு பகல்தான். கருவியோ, இந்த வெயிலுக்கு ஓசோன் ஐம்பதாவது காட்ட வேண்டியது, மூன்று என்கிறது. காற்றை இழுக்கும் குழாயை அண்ணாந்து பார்க்கிறாள். அதன் வாயில் பழைய வேட்டித் துணி, ஊறுகாய் ஜாடிக்குக் கட்டியதுபோல இறுகியிருக்கிறது.

"நான்தாம்மா காலைல கட்டிவுட்டேன். தூசி பூந்துகினே இருந்துச்சு" என்கிறார் கீழ்வீட்டுக் கொளஞ்சிநாதன். நைட் ஷிப்ட் தூக்கம் இன்னும் கண்ணில் இருக்கிறது. ஸ்கூட்டர், டிவி, தண்ணீர்க் குடம் எல்லாவற்றுக்கும் துணி போர்த்தி வைத்திருப்பவர்.

"அந்தக் காத்தத்தான் அங்கிள் அது மோந்து பாக்கணும். சீக்கிரம் அவுத்துடுங்க."

அது மைன்ஸில் பழகிய முடிச்சு. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்கிறார். மணி ஒன்று இருபத்தெட்டு. எண் பதினெட்டாகி, நாற்பதாகி, அறுபத்தொன்றில் நிற்கிறது. எழில்மதிக்கு மூச்சு வருகிறது.

"இது ஏறுனா நல்லதாம்மா?"

"கெட்டது அங்கிள். நெஞ்சுக்கு ஆவாது."

"நான் கட்டியிருந்தப்ப மூணுதான இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அதே துணியைத் தம் மூக்கில் கட்டிக்கொண்டு கொளஞ்சிநாதன் படியிறங்குகிறார்.