பதினேழாம் நம்பர் பொட்டலம்

"வயித்த உள்ள இழுக்காத. சும்மா நில்லு," என்றாள் அம்மா, மகளின் இடுப்பில் மூன்றாவது ஊக்கைக் குத்தியபடி.

"நான் இழுக்கலம்மா. சும்மாதான் நிக்கிறேன்."

ஆறு வாரத்துக்கு முன்னால் அம்மா தன் கையால் அளவெடுத்துத் தைத்த கவுன் அது. பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் பன்னிரண்டு வருட வேலை. அவள் எடுத்த அளவு தப்பியதாக யாரும் சொன்னதில்லை. இன்று தப்பியதில் அவளுக்கு அத்தனை பெருமை.

"இதே வேகத்துல போனா, அக்கா, அடுத்த மாசம் பொண்ணையே ஊக்குல கோத்துடலாம்," என்றாள் நர்ஸ்.

மூவரும் சிரித்தார்கள். மகள் சிரித்து முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, நேத்து என்னை ஓட்டப்பந்தயத்துல சேத்துக்கிட்டாங்க."

"ஓடினியா?"

"பாதியில உக்காந்துட்டேன். ஆனா சேத்துக்கிட்டாங்க."

அம்மா குனிந்து அவள் உச்சியில் முத்தம் வைத்தாள். ஆறு மாதத்துக்கு முன் இதே பெண், ஐம்பத்தெட்டுக் கிலோ எடையோடு, இனிமேல் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டவள். அவளுக்கு வயது பத்து.

வெளியே ஆஸ்பத்திரியின் கருத்தரங்கு மண்டபம் நிறைந்துகொண்டிருந்தது. வாசலில் ஆளுயரத் தட்டியில் பெரிய டாக்டர் கைகட்டி நின்றார். அவர் தோளுக்குப் பின்னால் கண்ணும் வாயும் வைத்த குடல் ஒன்று புன்னகைத்தது. குண்டான குழந்தைகளின் உடம்புக்குள் ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியை, குடலுக்கு நல்லது செய்யும் கிருமிகளைக் கொண்டே அணைத்துவிடும் பொடி, அவருடைய கண்டுபிடிப்பு.

எண்பது குழந்தைகள், ஆறு மாதம், தினமும் ஒரு பொட்டலம். பாதிப் பேருக்கு நிஜப் பொடி; மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே ருசியில் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது; அந்தப் பட்டியல் அரக்கு வைத்த உறைக்குள் இருந்தது.

பதினேழாம் நம்பருக்கு எது என்பது மட்டும் உறையைப் பிரிக்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பன்னிரண்டு கிலோ குறைந்திருந்தாள்.

"பதினேழு ரெடியா?" என்று டாக்டர் கதவைத் திறந்தார். இந்த ஆறு மாதத்தில் அவர் அவளை வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"ரெடி, டாக்டர். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." அம்மா எழுந்து நின்றாள். "இன்னியோட பொட்டலம் முடியுது. கடைக்கு வர இன்னும் ஒரு வருஷம் ஆகும்னாங்க. இவளுக்கு மட்டும் தொடர்ந்து குடுப்பீங்களா? பொட்டலத்த உதறி உதறி ஒரு துகள் விடாமக் கலக்கிக் குடுத்திருக்கேன். மறுபடி பழையபடி ஆயிட்டா இவ தாங்க மாட்டா, டாக்டர்."

"இங்க எதுக்கும்மா கேக்கற? மேடையில கேளு. மைக்ல கேளு. நாலு பேர் காதுல விழட்டும்."

"அப்புறம் அந்த ஜுரம்... சாயந்திரமானா இன்னும்..."

"போன தடவையே சொன்னேனா இல்லையா? கொழுப்பு எரியுது. எரிஞ்சா சூடு இருக்கத்தானே செய்யும்?"

ரத்தத்தில் அழற்சியின் அளவு இறங்காமல் ஏறிக்கொண்டே போனதற்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. எரிகிற இடத்தில் முதலில் புகை வரும். அதற்குப் 'புகைக் கட்டம்' என்று பெயர் சூட்டி, வண்ணத்தில் ஒரு படமும் போட்டு வைத்திருந்தார்.

புள்ளிவிவரம் பார்க்கும் பெண் உறையோடு பின்னால் வந்தாள். "சார், இத முதல்ல ரூம்லயே பிரிச்சுப் பாத்துட்டா..."

"ரூம்ல பிரிச்சா அது ஆபீஸ் வேலைம்மா. ஜனங்க முன்னாடி பிரிச்சாதான் அறிவியல்."

அம்மாவையும் மகளையும் மேடையில் உட்காரவைத்து, சிறுமியின் பழைய படத்தையும் புதிய படத்தையும் அக்கம்பக்கமாகத் திரையில் காட்டினார்கள். மண்டபம் கை தட்டியது. டாக்டர் உடல், குடல், மனித குலம் என்று படிப்படியாக ஏறி, உச்சியில் நின்று, அரக்கை உடைத்துப் பட்டியலை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"பதினேழ மட்டும் முதல்ல படி."

அவள் பார்த்தாள். விரலை வரியின்மேல் வைத்து இன்னொரு முறை பார்த்தாள். மைக் இருப்பதை மறந்து, "சார், இது மாவு," என்றாள்.

டாக்டர் தடுமாறியது ஒரு கனைப்பு நேரம்தான்.

"இதுக்குப் பேருதான் நம்பிக்கை," என்றார். "வெறும் மாவு. ஆனா நம்ம பொடிமேல வெச்ச நம்பிக்கை எப்பேர்ப்பட்ட வேலை செஞ்சிருக்கு, பாருங்க." அவரே முதலில் கை தட்டினார். மண்டபமும் தட்டியது. அந்தச் சந்தோஷத்தோடு மைக்கை அம்மாவின் பக்கம் திருப்பினார். "என்னமோ கேக்கணும்னியே, இப்பக் கேளும்மா."

கேட்க வேண்டியதை அம்மா நாலைந்து நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை கைதட்டலுக்கும் நடுவில், நாற்காலியின் கைப்பிடியில் தலையைச் சாய்த்து, சிறுமி தூங்கிப் போயிருந்தாள்.

கைதட்டல் அடங்கியது. அம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ என் பொண்ணு எதனால இளைச்சா, டாக்டர்?"