பச்சை நூல்

“கையைத் தூக்காதே, கக்கத்துல வேர்த்துடும்!” என்றாள் சித்தி.

“பஸ்ல கம்பியைப் பிடிக்க வேண்டாமா?”

“இடது கையால பிடி. ஆனா உக்காராதே. பின்னாடி கசங்கிடும்.”

“இன்டர்வியூலயும் நின்னுக்கிட்டே பதில் சொல்லட்டா சித்தி?”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல!” சித்தி அவள் காலரை நீவிவிட்டாள்.

சித்தி இஸ்திரி போடும் சலவைக் கடையின் பின்னறையில், அந்த இளநீலச் சட்டைக்குள் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். படிப்பு முடிந்ததிலிருந்து சித்தி வீட்டில்தான் இருக்கிறாள். அவளுடைய உடைகள் எல்லாம் கல்லூரியிலேயே வெளுத்துப்போனவை. போன தடவை வேலை கேட்டுப் போன இடத்தில், “பார்சலை அங்கே வச்சுடுங்க” என்றாள் வரவேற்பறைப் பெண். வீடு திரும்பி அவள் அதைச் சித்தியிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சித்தி சிரிக்கவில்லை. மறுநாளே, சலவைக்கு வந்த துணிகளில் அவள் அளவைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

“யாரோட சட்டை இது?”

“யாரோ ஒரு மேடம். நான் பாத்ததில்ல. டிரைவர்தான் கொண்டுவந்து போடுவாரு. சாயங்காலம் எடுக்க வருவாரு, அதுக்குள்ள வந்துடு. முதலாளிக்குத் தெரிஞ்சா என் வேலைக்கு வேட்டுதான்.”

வலது மணிக்கட்டுப் பொத்தானை மட்டும் யாரோ பச்சை நூலில் தைத்திருந்தார்கள். “அந்தக் கையை மேசைக்குக் கீழேயே வச்சுக்கோ” என்றாள் சித்தி.

சரக்கு அனுப்பும் நிறுவனம் அது. மேலாளர், நரையை மறைக்காத ஒரு பெண்மணி. கேட்டதற்கெல்லாம் அவள் நன்றாகவே பதில் சொன்னாள். ஆனால் மேலாளரின் பார்வை அவள் முகத்தில் நிற்கவில்லை. காலருக்கும் தோளுக்குமாக அலைந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தன் உடம்பே இரவல் வாங்கியது போலக் கூசியது.

“வலது கையில என்ன? ஏன் ஒளிச்சே வச்சிருக்கீங்க?”

அவள் கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். பச்சை நூல் பளிச்சென்று தெரிந்தது.

மேலாளர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். “சட்டை நல்லா இருக்கே. எங்கே வாங்கினீங்க?”

‘அம்மா வாங்கித் தந்தது’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உடுத்தியிருப்பதே ஒரு பொய். அதற்கு மேல் இன்னொன்றைப் போர்த்திக்கொள்ள அவளால் முடியவில்லை.

“என்னோடது இல்ல மேடம். இரவல்.”

“யார் குடுத்தாங்க?”

சூடுபட்டுத் தழும்பேறிய சித்தியின் விரல்கள் இன்னும் காலரில் இருப்பது போலிருந்தது.

“அதை மட்டும் கேக்காதீங்க மேடம். சொன்னா அவங்க வேலை போயிடும். எனக்கு இந்த வேலை கிடைக்காட்டியும் பரவால்ல, அவங்களுக்கு இருக்கறது போகக் கூடாது.”

சொல்லிவிட்டு எழுந்தே விட்டாள். எப்படியும் இனி ஒன்றும் இல்லை. சட்டையையாவது கசங்காமல் கொண்டு சேர்க்க வேண்டும்.

“உக்காருங்க. நான் இன்னும் முடிக்கல.”

அவள் நாற்காலி நுனியில், முதுகு படாமல் உட்கார்ந்தாள்.

“திங்கக்கிழமை வந்து சேர்ந்துடுங்க.”

நன்றி சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் வந்தது. கண்ணைத் துடைக்கச் சட்டைக் கையைத் தூக்கியவள், கறைபடுமே என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“பரவால்ல, துடைச்சுக்குங்க,” என்றார் மேலாளர். “சட்டையை எடுக்க இன்னைக்கு டிரைவர் வரமாட்டாரு, நீங்களே வச்சுக்குங்க. அந்தப் பொத்தானை மட்டும் நீல நூல்ல மாத்தித் தச்சுக்கணும். அன்னைக்கு அவசரத்துல என் கைக்குப் பச்சைதான் கிடைச்சுது.”