பின்வாசலில் நுழைந்த பாதை

அது மழைக்காலத்துக்கு முன்பா பின்பா என்பது இப்போது சரியாக நினைவில்லை. அந்தப் பெரியவர், சைக்கிள் கடைக்குள் நுழைந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது மட்டும் நிச்சயம்.

"சைக்கிள்ல ஊர் ஊராப் போறவங்களுக்கு போன்ல வழி போட்டுக் குடுக்கறது நீதானேம்மா?"

"நான்தான்யா."

"உன் வழி என் பின்வாசல்ல வந்து நின்னுச்சு. மூட்டை முடிச்சோட வந்தாங்க. இது வீடுப்பான்னு சொன்னா, போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனாங்க."

அந்தப் பாதையில் கடைக்காரி முதன்முதலில் ஓட்டிப் பார்த்தபோது வழிதவறி அவர் வீட்டு முற்றத்தில் நுழைந்து திரும்பியிருந்தாள். போன் அதையும் பாதையாகவே பதிந்துகொண்டது. நிலத்துக்காரர் ஒருவர் புகார் செய்தாலும், நண்பர்களோடு சேர்ந்து ஊர்களை இணைத்து அவள் உருவாக்கிய மொத்தப் பாதைக்கும் மூடுவிழாதான்.

"தப்பு என்னோடதுதான்யா. போன வாரமே கவனிச்சு அந்த வழியை அழிச்சிட்டேன். இனிமே ஒருத்தரும் வர மாட்டாங்க."

பெரியவர் தொங்கிக்கொண்டிருந்த டயர்களையே பார்த்தார்.

"அதுக்குத்தான் வந்தேன்," என்றார். "படுத்த படுக்கையா இருந்த என் சம்சாரம், இவங்களுக்குத் தண்ணி குடுக்கணும்னே எந்திரிச்சு உட்கார ஆரம்பிச்சா. ஒரு வாரமா வாசலையே பாத்துட்டிருக்கா. அந்த வழியைத் திரும்பப் போட்டுடும்மா."

அப்போதே போட்டுவிட்டாள்.

அந்த அம்மாள் மேலும் இரண்டு வருடம் இருந்தார். பெரியவர் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். அவர் விட்டுச்சென்ற வீட்டில் சைக்கிள்காரர்கள் இரவு தங்குகிறார்கள்.